ஆட்டம் பார்க்க உட்கார்ந்தவர்

“நாலு காலும் ஒரு பலகையும் உள்ள சாமானைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு இதுதான் கலை என்கிறார்கள். உட்காரவும் விடுவதில்லை. வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த பம்மாத்து இது. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?”

இந்தப் பேச்சைச் சென்னையில் ஓவியம் படித்த நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். போர்ட் பிளேரில், ஸ்ரீ விஜய புரம் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் எங்கள் ஊரில், அபர்டீன் பஜார் தேநீர்க்கடையிலும் கேட்டிருக்கிறேன். கலை தெரிந்தவரும் தெரியாதவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிடுகிறார்கள். எங்கள் தீவில் இதற்கு ஒரு துணைப்பேச்சும் உண்டு. அந்தமானில் கலை என்றால் கடலும் பவளமும் வரைந்த படம், சிப்பி வேலை, நிக்கோபார் மரப்பதுமை, அவ்வளவுதான். மரச்சாமான் வேறு கணக்கு. பட்டறையில் சொல்லி வைத்து வாங்குவது, மாற்றல் வந்தால் வனத்துறை அனுமதி பெற்றுக் கப்பலில் ஏற்றுவது.

தச்சுப் பட்டறையில் வளர்ந்த எனக்கு இந்தப் பேச்சு பொறுக்கவில்லை. அடிப்படையிலேயே தவறு என்று நினைக்கிறேன். மேசையும் நாற்காலியும் கட்டிலும் கலைக்கு உரிய பொருள்கள். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் கடலைவிடவும் உரிய பொருள்கள் என்றே சொல்வேன்.

வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தது என்ற வாதத்துக்குப் பதில் நிக்கோபாரிலேயே இருக்கிறது. நான்கௌரி, கமோர்ட்டா முதலிய நடுத்தீவுகளில் ‘ஹெந்தா’ என்ற படம் உண்டு. பாக்குமரப் பாளையை விரித்தோ பலகையிலோ வரைவார்கள். வீட்டில் நோய் வந்தால் மென்லுவானா என்ற மந்திர வைத்தியர் சொல்லிச் செய்து குடிசைக்குள் தொங்கவிடுவது வழக்கம். நல்ல ஆவிகள் பார்த்து மகிழவேண்டும், கெட்ட ஆவிகள் அஞ்சி ஓடவேண்டும் என்பது நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நான்கௌரியில் அதிகாரியாக இருந்த இ. எச். மேன் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார், சேகரிக்கவும் செய்தார். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஹெந்தாக்கள் இருக்கின்றன.

படத்தின் நடுவில் தெய்வம் நிற்கும். பெயர் தேவுசே. கடவுளைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் நிக்கோபார் வாயில் அப்படி ஆயிற்று. உடுப்பு ஐரோப்பியக் கப்பல் அதிகாரியின் உடுப்பு. கீழே மீன், தென்னை, வீட்டு விலங்குகள், ஆடும் மனிதர்கள். தெய்வத்தைச் சுற்றி மேசை, நாற்காலி, முகம் பார்க்கும் கண்ணாடி, கடிகாரம், புட்டி, தொலைநோக்கி என்று ஐரோப்பியர் வீட்டுப் பொருள்களும் கப்பல் பொருள்களும்.

இந்தப் படங்களை வரைந்தவர்கள் கால்நட்டு உயர்த்திய வட்டக் குடிசையில் வாழ்ந்தவர்கள். ஏணி வைத்து ஏறித் தரையில் உட்கார்ந்து தரையில் படுத்தவர்கள். 1756இல் டென்மார்க்காரர்கள் வந்தார்கள். 1768இல் மொராவிய மதபோதகர்கள் நான்கௌரியில் குடியேறினார்கள். 1869இல் ஆங்கிலேயர் அங்கே கைதிக் குடியிருப்பு வைத்தார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு நாற்காலியோடு வந்தார். நிக்கோபார்க்காரர் அதைப் பார்த்தார், வரைந்தார், தெய்வத்தின் பக்கத்தில் வைத்தார். வந்தவர்களின் பலம் எங்கே குடியிருக்கிறது என்பதை அந்த ஓவியர் கண்டுபிடித்துவிட்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன். துப்பாக்கியில் மட்டும் இல்லை அது. அவர்கள் உட்காரும் விதத்திலும் இருந்தது.

1965இல் அமெரிக்கரான ஜோசப் கோசுத் ஒரு நாற்காலி, அதன் புகைப்படம், அகராதியில் அதற்குரிய விளக்கம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எது நாற்காலி என்று கேட்டார். கலை வரலாற்றுப் பாடங்களில் இதுவே ஆரம்பம்போல் சொல்லப்படுகிறது. உட்காரும் நாற்காலி வேறு, படத்தில் உள்ள நாற்காலி வேறு, படத்தில் உள்ளதற்கும் வலிமை உண்டு என்பது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நான்கௌரிக் குடிசையில் தெரிந்திருந்தது. அங்கே கேள்வியின் அடியில் ஒரு நோயாளி படுத்திருந்தார் என்பதுதான் வேறுபாடு. இந்த மரபு நம் கண்முன் இருக்கும்போது நாற்காலியைக் கலைக்குள் கொண்டுவருவது மேல்நாட்டு இறக்குமதி என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

அடுத்தது, மரச்சாமான் கடைச்சரக்கு என்ற பேச்சு. இதைச் சொல்கிறவர்கள் சாத்தம் தீவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். ஊரிலிருந்து ஒரு பாலம் கடந்தால் போதும். 1883இல் தொடங்கிய அரசு மரமில் அங்கே இருக்கிறது. ஆசியாவின் பழைய மரமில்களில் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த குழியை அங்கே இன்றும் காட்டுகிறார்கள். இந்தத் தீவுகளில் வனத்துறையும் அதே 1883இல்தான் அமைந்தது. 1858 மார்ச் 10ஆம் நாள் செமிராமிஸ் என்ற போர்க்கப்பல் 200 கைதிகளைக் கொண்டுவந்து இறக்கி 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. காட்டை அழித்து வீடு கட்டக் கைதிகள் இருந்தார்கள். மரம் வெட்டி விற்கவும் அதே கைதிகள் பயன்பட்டார்கள்.

படாக் மரத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தமானின் மாநில மரம் அது. இழைத்த அன்று செம்பருத்திப் பூவின் நிறத்தில் இருக்கும். வெளிச்சம் படப்பட வருடங்களில் கறுத்துப் பழுப்பாகும். தூள் மூக்கில் ஏறினால் தும்மல் அடங்க நேரம் பிடிக்கும். பட்டறைப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தத் தும்மல் தெரியும். அடிமரத்தைச் சுற்றி விரியும் பலகை வேரில் ஒரே துண்டாக மேசை மேல்பலகை எடுக்கலாம், ஒட்டு இல்லாமல். இந்தச் சிவப்பு கடல் தாண்டிப் போனது. அமெரிக்காவில் புல்மன் ரயில் பெட்டிகளின் உட்புறத்துக்குப் போனது. அந்தப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்து பயணம் செய்தவருக்குத் தன் தலைக்குப் பின்னால் இருக்கும் பலகையைக் கைதி ஒருவர் வெட்டினார் என்று தெரிந்திருக்க வழியில்லை.

கைதிகள் போதாமல் போனபோது 1918 முதல் சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் ஊரில் அவர்களை ராஞ்சிக்காரர்கள் என்கிறோம். 1925இல் பர்மாவிலிருந்து கரேன் குடும்பங்கள் வந்து மாயாபந்தர் பக்கம் வெபியில் குடியேறின. தமிழ்நாட்டுக் கரையோர மாவட்டங்களிலிருந்து எங்களைப் போன்றவர்களின் முன்னோர் வந்தார்கள். யானைகளும் கப்பலில் வந்தன. ஹேவ்லாக் தீவில் கடலில் நீந்திப் புகழ்பெற்று 2016இல் இறந்த ராஜன் என்ற யானை மரம் இழுக்க வந்த யானைதான். அவன் நீந்தும் படத்தை ரசித்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். எதை இழுக்க வந்தான், அது எந்த வீட்டில் என்னவாக நிற்கிறது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வெட்டுவதற்கும் ஒரு முடிவு வந்தது. 2002 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இந்தத் தீவுகளின் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை நிறுத்தியது. அந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். எங்கள் பட்டறைகள் பல அதனால் நசிந்தன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதற்குப் பிறகு வீடுகளில் மிஞ்சியிருக்கும் பழைய படாக் மேசையும் நாற்காலியும் வெறும் சாமான்கள் அல்ல. வெட்டி முடித்த ஒரு நூற்றாண்டின் சாட்சிகள். ஆவணக் காப்பகத்தில் அதிகாரிகளின் கடிதம் இருக்கும். வெட்டியவரின் கைத்தடம் இருக்கும் இடம் இந்த மரம் மட்டுமே. இதைத் தொடாமல் கடலை வரைந்துகொண்டிருப்பதை மட்டும் அந்தமான் கலை என்பது எப்படிச் சரியாகும்? கடல் எல்லாத் தடத்தையும் அழித்துவிடுகிறது. மரம் வைத்துக்கொள்கிறது.

நாற்காலி உட்காருவதற்கு, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்கிறார்களே, அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதைவிட அதிகம். யார் உட்காரலாம், யார் நிற்கவேண்டும் என்பது உலகில் எங்கும் சும்மா தீர்மானமாவதில்லை. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையில் கொடுத்த தண்டனைகளில் ஒன்று நின்றபடி விலங்கு. சுவரில் தலைக்குமேல் அடித்த வளையத்தில் கையைப் பூட்டிவிடுவார்கள். பகல் முழுக்க நிற்கவேண்டும், நாள்கணக்கில். அடி இல்லை, ரத்தம் இல்லை. உட்கார விடமாட்டார்கள், அவ்வளவுதான். சிறையிலிருந்து மீண்டவர்கள் எழுதிய நினைவுகளில் செக்கிழுத்த கொடுமைக்குப் பக்கத்திலேயே இதுவும் வருகிறது. அந்தச் சிறை முற்றத்தில் இன்று ஒரு மரச்சட்டம் நிற்கிறது. கைதியைக் கட்டிவைத்துக் கசையால் அடிப்பதற்கான சட்டம். பார்வையாளர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் அதன் மூட்டுகளைப் பார்க்கிறேன். இப்படி ஒரு சட்டத்தைச் செய்யவும் ஒரு தச்சர் வேண்டும். குடுமியைத் துளைக்குள் இறக்கி, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துத்தான் அவர் கொடுத்திருக்கவேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் காலத்துக் கதை என்று யாரும் நினைக்கவேண்டாம். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். தமிழ்நாடே அதிர்ந்தது. அந்தப் படத்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. பேசியவை முழுவதும் பிளாஸ்டிக் நாற்காலிகள். அடுத்த ஆண்டு, 2021இல், கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு அரசு சட்டம் திருத்தியது. கேரளம் 2018இலேயே செய்திருந்தது. துணிக்கடைப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடி வாங்கியது அது. ஒரு முக்காலிக்காகச் சட்டமன்றம் கூடவேண்டியிருந்த சமூகத்தில், முக்காலியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறோம். நம் மொழியோ இதை எப்போதோ அறிந்திருக்கிறது. பதவிக்கு நாற்காலி என்றே பேர் வைத்திருக்கிறது. விருந்தாளி வந்தால் முதலில் பலகை எடுத்துப் போடச் சொல்கிறது. மணமக்களை மணையில் உட்காரவைக்கிறது.

உட்கார்ந்துகொண்டிருக்கும்வரை நாற்காலி கண்ணில் படாது. அதை யாரும் உட்கார முடியாத இடத்துக்கு நகர்த்தினால்தான் அதில் இதுவரை உட்கார்ந்தவரும் உட்கார விடப்படாதவரும் நினைவுக்கு வருவார்கள். கண்காட்சிக் கூடம் செய்வது அந்த நகர்த்தலைத்தான். “உட்காரவும் விடுவதில்லை” என்று குறைசொல்கிறவர்கள் அந்தக் கலையின் நடுநரம்பைத் தொட்டுவிட்டு, அது தெரியாமலே கையை எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, திறமை எங்கே என்பார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு நாற்காலியை நகர்த்தலாமே? நகர்த்தலாம். அதனால் எல்லா நாற்காலியும் கலை ஆகிவிடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கோசுத்தின் நாற்காலி எனக்கு நெருக்கமானது இல்லை. அது யாருடைய நாற்காலியும் இல்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பேச வந்த ஒரு கருவி. 1888இல் ஆர்ல் நகரில் வான் கோ வரைந்த வைக்கோல் இருக்கை நாற்காலியில் அவருடைய புகைக்குழாயும் புகையிலையும் கிடக்கின்றன. ஆள் எழுந்துபோன சூடு அதில் இருக்கிறது.

நான் முன்வைக்க விரும்புவது கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோவை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைத் தேடிப்போய், அவர்களோடு இருந்து, பேசி, பிறகு தன் வேலையைத் தொடங்குபவர் அவர். பழைய அலமாரி, மேசை, நாற்காலிகளுக்குள் சிமெண்டு ஊற்றி அடைத்தார். கதவு திறக்காது. துணி வைக்க முடியாது. வீட்டில் ஓர் ஆள் திரும்பி வராதபோது அந்த ஆளின் அலமாரி எப்படி ஆகிவிடுகிறதோ அப்படியே ஆகிவிட்டது. 1985 நவம்பரில் போகோட்டா நீதிமன்ற மாளிகை கைப்பற்றப்பட்டுப் பலர் கொல்லப்பட்ட நிகழ்வின் நினைவாக, 2002 நவம்பரில் அதே இடத்துக் கட்டடத்தின் முகப்பில் 280 நாற்காலிகளை 53 மணி நேரம் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். 2003இல் இஸ்தான்புல்லில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்த காலி மனையில் சுமார் 1,550 நாற்காலிகளை அடுக்கி நிரப்பினார். இதில் திறமை எங்கே என்று கேட்பவர், துயரப்பட்ட வீட்டில் போய் உட்கார்ந்து கேட்பது எளிய திறமை என்று நினைக்கிறாரா?

நம் பக்கத்திலும் ஆள் இருக்கிறார். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் ‘முடிவுறாத தோம்பு’ என்ற பொருள்படும் நூலைக் கொண்டுவந்தார். போரில் வீடிழந்தவர்கள் தங்கள் வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தந்தார்கள். அதைக் கட்டட வரைபடமாக்கி, அதன்மேல் தன் ஓவியத்தையும் சேர்த்தார். தோம்பு என்பது டச்சுக்காரர் காலத்து நிலப்பதிவேட்டின் பெயர். அரசு எழுதிய ஏட்டில் நிலம் இருக்கும். மனிதர் நினைவில் இருக்கும் வீட்டில்தான் எந்த மூலையில் என்ன இருந்தது என்பது இருக்கும்.

அந்த வேலையை நினைக்கும்போது எனக்குக் கச்சால் தீவு நினைவுக்கு வருகிறது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். லயத்து அறையை ஒருமுறை இழந்து வந்தவர்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. நிக்கோபார்க்காரர்களின் ஊர்களே இல்லாமல் போயின. பிறகு தகரக் கொட்டகை வந்தது, நிவாரணச் சாமான் வந்தது, நிரந்தர வீடு வந்தது. எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை உண்டு. போன வீட்டின் உள்ளே எது எங்கே இருந்தது என்று கேட்டு எழுதிய ஒருவரை நான் அறியேன். கட்டில் எந்தச் சுவரோரம், அம்மிக்கு எந்த மூலை, கிழவி எதில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்? கலைஞர் ஒருவர் செய்திருக்கவேண்டிய வேலை இது. மரச்சாமான் கலைக்குப் பொருள் ஆகாது என்ற நம் பேச்சுதான் அந்த வேலை நடக்காமல் போனதற்குக் காரணங்களில் ஒன்று என்று குற்றம்சாட்டுகிறேன்.

எதிர்த்தரப்பு சொல்லாத, சொல்லியிருக்கவேண்டிய ஒரு வாதம் உண்டு. அதை நானே சொல்கிறேன். நாற்காலியைச் செய்தவர் தச்சர். கூடத்தில் பெயர்ப்பலகை கலைஞரின் பெயரில். “மரம், வார்னிஷ்” என்று பொருளைக் குறிப்பார்கள். இழைப்புளி பிடித்தவரைக் குறிக்கமாட்டார்கள். 2007இல் ஜெர்மனியின் காசெல் நகரத்துக்கு ஆய் வெய்வெய் 1,001 சீனர்களையும் 1,001 பழைய நாற்காலிகளையும் கொண்டுபோனார். வந்த மனிதர்களைப் பற்றி எத்தனையோ எழுதினார்கள். அத்தனை நாற்காலிகளைச் செய்தவர்கள் யார்? காலத்தில் அவர்கள் மறைந்துபோனார்கள் என்பது உண்மை. ஆனால் இன்று செய்பவர் மறையவில்லையே. வெட்டியவரையும் செய்தவரையும் நினைவுக்குக் கொண்டுவரத்தான் இந்தக் கலை என்று நான் வாதாடுகிறேன் என்றால், செய்தவரின் பெயரை முதலில் எழுதவேண்டும். எழுதாத கண்காட்சியை நானும் எதிர்ப்பேன். சாத்தம் மில்லை ஒட்டிய வன அருங்காட்சியகத்தில் மர வகைகளுக்கெல்லாம் பெயர் உண்டு. படாக், குர்ஜன், மார்பிள் வுட், சாட்டின் வுட் என்று தமிழ்ப் பிள்ளைகளும் படித்துப் பழகும் பெயர்கள். அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் மனிதர் பெயர் ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

என் அப்பா ஜங்ளிகாட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்தார். பெரும்பாலும் மாற்றலாகிப் போகும் அதிகாரிகளுக்கான நாற்காலியும் மேசையும். முடிந்த நாற்காலியைச் சமதளத்தில் வைத்து, ஒரு முறை உட்கார்ந்து, முன்னும் பின்னும் சாய்ந்து ஆட்டம் பார்ப்பார். ஆடினால் எழுந்து நீளமான காலின் அடியை ஒரு மயிரளவு சீவுவார். மறுபடி உட்காருவார். ஆடாவிட்டால் எழுந்து துண்டால் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். அவர் செய்த நாற்காலிகளில் அவர் உட்கார்ந்த நேரம் அவ்வளவுதான். ஒருமுறை ஒரு வீட்டுக்கு ஆறு நாற்காலி கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கூலிக்காக வாசலில் வெகுநேரம் நின்றோம். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். ஆறு நாற்காலியும் திண்ணையிலேயே இருந்தன. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் பாய்தான். கூடவே, கழிவுத் துண்டுகளில் அவர் அடித்த ஒரு முக்காலி. மூன்று காலும் மூன்று மரம். ஒன்று சிவப்பு, ஒன்று வெளுப்பு, ஒன்று வரி ஓடிய கறுப்பு. அது என்னிடம் இருக்கிறது. யாராவது இந்தத் தீவில் அப்படி ஒரு கண்காட்சி வைத்தால் அதைக் கொடுப்பேன். பெயர்ப்பலகையில் அப்பாவின் பெயரை எழுதவேண்டும், பலகையின் வலது ஓரத்தில் அவர் கை வைத்து வைத்து வழுவழுத்திருக்கும் இடத்தின்மேல் ஒரு விளக்கு விழவேண்டும். யாரும் அதில் உட்காரக் கூடாது.